அந்த 151 ஜந்துக்கள் ஏன் இன்னும் சாகவில்லை?

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் லோக்கல் வண்டி எண்ணூரைத் தாண்டுவதற்குள் நிற்க இடம் இருக்காது. கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காலேஜ் கூட்டம் ஏறும். எல்லார் கையிலும் செல்போன். பாதிப் பேர் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பார்கள், மீதியில் பாதி துப்பாக்கி ஆட்டம். ஆனால் பெட்டிக்கு ஒருத்தனாவது வேறு ஏதோ ஒன்றை வைத்திருப்பான். கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய காலத்துப் படம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டிப் பையன் புல்லுக்குள் நடக்கிறான். திரை பளிச் பளிச் என்று மின்னுகிறது. எதிரே ஒரு எலியோ குருவியோ வந்து நிற்கிறது.

போக்கிமான் ஃபயர்ரெட். வந்த வருஷம் 2004. அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த முதல் போக்கிமானுக்குப் புதுச் சட்டை மாட்டி விட்டது, அவ்வளவுதான். வண்டியில் அதை விளையாடுகிற பையனோ 2005-க்குப் பிறகு பிறந்தவன். கேம் பாயை அவன் கையால் தொட்டிருக்க மாட்டான். அவன் அப்பாவும் தொட்டிருக்க மாட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த ஆட்டம் ஏன் இத்தனை வருஷம் நிற்கிறது என்று கேட்டால் எல்லாரும் யோசிக்காமல் "மலரும் நினைவுகள்" கணக்கில் எழுதி விடுகிறார்கள். சின்ன வயசில் விளையாடினான், இப்போது நினைத்து உருகுகிறான் என்று. அமெரிக்காவில் 1998-ல் வாங்கி விளையாடிய முப்பது, நாற்பது வயசு ஆட்களுக்கு அது சரியாக இருக்கலாம். எர்ணாவூர் பையனுக்கு என்ன மலரும் நினைவு? அவனுக்கு அந்த ஆட்டம் புதுசு. முப்பது வருஷப் பழசு என்று தெரிந்தும் அவன் விளையாடுகிறான். துப்பாக்கி ஆட்டமும் அதே போனில் இலவசமாகத்தான் கிடக்கிறது, அதை மூடிவிட்டு இதற்கு வருகிறான். ஆகவே காரணம் ஞாபகத்தில் இல்லை, ஆட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்னால், அது யார் மண்டையிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சதோஷி தஜிரி. 1965-ல் பிறந்தவர். டோக்கியோவை ஒட்டிய மச்சிதா என்ற ஊரில் வளர்ந்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே வயல், குளம், மரம் எல்லாம் இருந்திருக்கின்றன. பூச்சி பிடிப்பதுதான் வேலை. கூட்டாளிகள் அவருக்கு "பூச்சி டாக்டர்" என்றே பட்டம் கொடுத்திருந்தார்கள். அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. குளங்கள் தூர்ந்தன, வீடுகளும் கடைகளும் முளைத்தன, பூச்சிகள் போயின. அப்புறம் அவர் வீடியோ கேம் பைத்தியமாகி, கேம்களைப் பற்றிக் கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஒன்றை நடத்தி, அதன் பெயரிலேயே 1989-ல் கேம் ஃப்ரீக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதே 1989-ல்தான் நிண்டெண்டோவின் கேம் பாயும் வந்தது.

கேம் பாய்க்கு ஒரு ஒயர் உண்டு. இரண்டு கருவிகளை இணைத்து இரண்டு பேர் எதிரெதிராக விளையாடுவதற்கு. எல்லாரும் அந்த ஒயரில் போட்டியைப் பார்த்தார்கள். தஜிரிக்கு மட்டும் ஒரு பூச்சி அந்த ஒயர் வழியாக ஊர்ந்து இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவது போலத் தெரிந்ததாம். அந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு சுமார் ஆறு வருஷம் உழைத்தார்கள். கம்பெனி கிட்டத்தட்ட முழுகப் போய் மீண்டது. ஆட்டம் வெளிவந்த 1996-ல் கேம் பாயே காலாவதிக் கருவி. பச்சை கலந்த நாலு சாயம், 160-க்கு 144 புள்ளித் திரை, நாலு பென்சில் பேட்டரி. "இதுக்கு யாருய்யா கேம் வாங்குவான்" என்ற நிலைமை.

வாங்கினார்கள். முதலில் மெதுவாக, பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக.

பூச்சி பிடித்துப் பெட்டியில் அடைப்பது ஜப்பான்காரன் கண்டுபிடிப்பா என்ன? தென் மாவட்டங்களிலிருந்து வந்து தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் குடியேறிய குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பொன்வண்டு பற்றிச் சொல்வார்கள். தீப்பெட்டியில் இலை போட்டு உள்ளே பொன்வண்டை வைத்து, கிளாஸில் பெஞ்சுக்கு அடியில் திறந்து திறந்து பார்ப்பது. முட்டை போட்டிருக்கிறதா என்று எண்ணுவது. "என்னது பச்சை, உன்னது செவப்பு" என்று ஒப்பிடுவது. பிடிக்காதவன் பம்பரம் கொடுத்து வாங்கிக்கொள்வது. அந்தத் தீப்பெட்டிதான் போக்கிபால். (விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்தது என்பது வண்டியில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ.)

பூச்சியை விடுங்கள். வட சென்னை மொட்டை மாடிகளில் புறாக் கூண்டு இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கர்ணம் அடிக்கிற புறா வேறு, தூர ஊரில் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் வேறு. எதை எதோடு ஜோடி சேர்த்தால் நல்ல குஞ்சு வரும், எதற்கு என்ன தீனி, எதை எப்போது பறக்க விடுவது என்று அதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது. 2015-ல் "மாரி" படம் வந்த பிறகுதான் மற்ற ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு உலகம் இருப்பதே தெரிந்தது. கொஞ்சம் மேற்கே போனால் கொளத்தூர். அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பேர் போன இடம். அங்கிருந்து ஒரு ஃபைட்டர் மீன் வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, பக்கத்தில் கண்ணாடியைக் காட்டி அது செவுளை விரித்து முறைப்பதைப் பார்க்காத பையன் உண்டா?

பிடிப்பது, வளர்ப்பது, மோதவிட்டுப் பார்ப்பது, மாற்றிக்கொள்வது. இந்த நாலும் ஏற்கனவே ரத்தத்தில் இருக்கிற பேட்டையில் போக்கிமானுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷ் சரியாகப் படிக்கத் தெரியாத பையன்கூட அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வான்.

ஆனால் பிடிப்பது மட்டும்தான் கவர்ச்சி என்றால், இந்த மாதிரி ஆட்டம் ஆயிரம் வந்து ஆயிரமும் போய்விட்டன. இது மட்டும் நிற்பதற்கு உண்மையான காரணம், காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். முதல் வருஷத்தில் "பண்டமாற்று முறையின் குறைகள் யாவை?" என்று ஒரு ஐந்து மார்க் கேள்வி தப்பாமல் வரும். அவனிடம் இருப்பது இவனுக்கு வேண்டும், இவனிடம் இருப்பது அவனுக்கு வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும், இது நடக்கிற காரியமா, ஆகவே பணம் வந்தது என்று எழுதிவிட்டு வருவோம். போக்கிமான் அந்தக் குறையையே எடுத்து ஆட்டமாக்கியது.

எப்படி என்றால், முதல் ஆட்டத்தில் மொத்தம் 151 ஜந்துக்கள். ஒரே ஆட்டத்தை இரண்டு பதிப்பாக வெளியிட்டார்கள். ஜப்பானில் சிவப்பு, பச்சை. வெளிநாட்டில் சிவப்பு, நீலம். சிவப்பில் வரும் சில ஜந்துக்கள் நீலத்தில் வராது, நீலத்தில் வருவது சிவப்பில் வராது. அரிவாள் கை வைத்த கும்பிடுபூச்சி ஸைதர் சிவப்பில், கொம்பு வண்டு பின்ஸிர் நீலத்தில். தொடக்கத்தில் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம், மற்ற இரண்டும் உன் ஆட்டத்தில் அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. அதற்கும் மேலே ஒன்று. கடாப்ரா, மச்சோக், கிராவ்லர், ஹாண்டர் என்று நாலு ஜந்துக்கள் எத்தனை சண்டை போட்டாலும் அடுத்த நிலைக்கு வளராது. வேறொருவனுக்குக் கொடுத்தால்தான் வளரும். ஒயரில் இந்தப் பக்கம் ஹாண்டராகப் போய் அந்தப் பக்கம் கெங்காராக இறங்கும்.

கொடுத்தால்தான் மதிப்பு கூடும் என்கிற சரக்கு! பரிமாற்றத்தில் இரண்டு பக்கமும் லாபம் என்று பேராசிரியர்கள் பலகையில் கோடு போட்டு விளக்குவதை ஒரு பத்து வயசுப் பையன் ஹாண்டரைக் கொடுத்து, திருப்பி வாங்கி, கெங்காரோடு வீட்டுக்குப் போகும்போது தெரிந்துகொள்கிறான். நம்பிக்கையும் சேர்த்துத்தான். நீ கொடுத்த ஹாண்டர் அவனிடம் கெங்காராக நிற்கும்போது "திருப்பித் தர்றேன்னு எப்போ சொன்னேன்?" என்று அவன் கேட்டால் என்ன செய்வாய்? கோர்ட்டுக்கா போவாய்? ஆக யாரிடம் கொடுப்பது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். கடன் கொடுப்பதற்கு முன் வங்கி பார்க்கிற அதே பார்வை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இந்த ஆட்டத்திலேயே அழகான விஷயம். கை மாறிய ஜந்துவின் விவரப் பக்கத்தில் முதலில் பிடித்தவன் பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும். அழிக்க முடியாது. அடுத்தவன் பிடித்த ஜந்து உன்னிடம் வேகமாக வளரும், சண்டைக்கு ஒன்றரை மடங்கு அனுபவப் புள்ளி. ஆனால் உன்னிடம் போதுமான பேட்ஜ் இல்லையென்றால் சொன்ன பேச்சைக் கேட்காது, பாட்டுக்குத் தூங்கும்.

இந்த ஒயர் விஷயத்தை ஒதுக்கிவிட்டு போக்கிமானைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிகாச்சு படம் போட்ட டிபன் பாக்ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சரி, வட சென்னைக்கு இது எப்படி வந்தது? நேர்வழியில் இல்லை. கேம் பாய் இங்கே கடைத்தெருவில் பெரிதாக விற்ற பொருள் கிடையாது. சிங்கப்பூர், துபாய் போய் வந்த மாமா யாராவது இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் 1960-களின் கடைசியில் போட்ட கடைகள். துறைமுகத்தை ஒட்டி இருப்பதால் வெளிநாட்டுச் சாமான் என்றால் ராயபுரத்துக்காரர்களின் கால் தானாக அங்கேதான் போகும். அங்கே கிடைத்ததில் பாதி போலி கேட்ரிட்ஜ். ராத்திரி முழுக்க விளையாடி சேவ் பண்ணி அணைத்தால் காலையில் ஒன்றும் இருக்காது. உண்மையான கேட்ரிட்ஜுக்கே உள்ளே ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அது செத்தால் சேவும் செத்தது. அதோடு ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு சேவ்தான். தம்பி தெரியாமல் புதிய ஆட்டம் தொடங்கி சேவ் கொடுத்துவிட்டான் என்பதால் வீட்டில் ரத்தக் களறி ஆன கதைகள் உலகம் முழுக்க உண்டு.

பெரும்பாலானவர்களுக்குக் கருவியே கிடைக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடர் வந்தது, சீட்டோஸ் பாக்கெட்டில் டேஸோ வந்தது. டேஸோவை வைத்து ஸ்கூல் வராந்தாவில் நடந்த வியாபாரம் பங்குச் சந்தைக்குக் குறைந்ததில்லை. பிறகு பிரவுசிங் சென்டர். எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள், அதில் போட ஒரு மெகாபைட் ஃபைல். ஆமாம், சிவப்பு பதிப்பு மொத்தமே ஒரு மெகாபைட்தான். இன்று சித்தப்பா அனுப்புகிற குட்மார்னிங் வீடியோ அதைவிடப் பெரிது :-) சேவ் ஃபைலை பென் டிரைவில் போட்டுக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் கம்ப்யூட்டரை ஃபார்மேட் அடித்த அன்று எல்லாம் போச்சு. (இதெல்லாம் சட்டப்படி சரியா என்றால் சரியில்லை. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை.)

எமுலேட்டரில் ஒரு குறை இருந்தது. ஒயர் கிடையாது. தனியாகத்தான் விளையாட வேண்டும். கெங்கார் கிடையாது, அலகசாம் கிடையாது. அந்தத் தலைமுறை முழுக்கப் பாதி ஆட்டத்தைத்தான் விளையாடியது. அவர்களில் பலர் இதை "நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் போரடிச்சுடுச்சு" என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. உப்பு போடாத மீன் குழம்பு அது. ஆண்ட்ராய்ட் போன் வந்து, மை பாய் போன்ற எமுலேட்டர்கள் ப்ளூடூத் வழியாக இரண்டு போன்களை இணைக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயர் திரும்பி வந்தது. வண்டியில் இப்போது இரண்டு பேர் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அது அதனால்தான்.

கம்பெனிக்கே இந்த விஷயம் புரிந்ததா என்பது சந்தேகம். 2016 ஜூலையில் போக்கிமான் கோ வந்தது. தெருவில் நடந்து போய்ப் பிடிக்கும் ஆட்டம். இந்தியாவில் முறைப்படி வந்தது அந்த டிசம்பரில், ஜியோவோடு கூட்டுச் சேர்ந்து. நடுவில் குஜராத் ஹைகோர்ட்டில் கோயிலுக்குள் முட்டை தெரிகிறது என்று வழக்குப் போட்ட கூத்தும் நடந்தது. தஜிரியின் கனவு பலித்துவிட்டது, பிள்ளைகள் மறுபடி வெளியே போகிறார்கள் என்று உலகமே எழுதியது.

நல்ல ஆட்டம்தான். ஆனால் அதில் ஒரு விஷமம் இருந்தது, யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அந்த ஆட்டத்தின் நிறுத்தங்கள் இன்க்ரெஸ் என்ற முந்தைய ஆட்டத்தை விளையாடியவர்கள் பதிந்து கொடுத்த இடங்களிலிருந்து வந்தவை. விலை உயர்ந்த போனும் ஓயாத இன்டர்நெட்டும் வைத்திருந்தவர்கள் 2013, 2014-ல் எங்கே சுற்றினார்களோ அங்கே நிறுத்தங்கள். மால், பூங்கா, சிலை, பெரிய கோயில். அவர்கள் கால் படாத இடம் வெறும் மைதானம். எங்கே பிறந்தாய் என்பதைப் பொறுத்து உன் ஆட்டம் அமையும் என்றால், அது ஏற்கனவே இருக்கிற வாழ்க்கைதானே? அதற்கு எதற்கு ஒரு ஆட்டம்?

பழைய கேட்ரிட்ஜ் அப்படி இல்லை. அண்ணா நகர் பையனுக்கும் நெட்டுக்குப்பம் பையனுக்கும் உள்ளே அதே காடு, அதே குகை, அதே நாலாவது புதரில் அதே பிகாச்சு. காசு கொடுத்து முன்னால் போக வழியில்லை. சார்ஜ் இருந்தால் போதும், நெட் வேண்டாம். எல்லாருக்கும் ஆறு ஜந்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வித்தை. இருபது நிமிஷ ரயில் பயணத்தில் ஒரு குகையில் பாதி தாண்டலாம். இந்தக் காலத்தில் ஒரு ஆட்டம் பர்ஸைத் தொடாமல், விளம்பரம் காட்டாமல், "உன் நண்பனை முந்து" என்று நோட்டிபிகேஷன் அனுப்பாமல் பையில் கம்மென்று கிடக்கிறது என்பதே பெரிய விஷயம். நேர்மையான சரக்கு.

குறையே இல்லையா? ஏன் இல்லை. முதல் பதிப்பு ஓட்டை உடைசல். பேய் வகைத் தாக்குதல் மனோசக்தி வகையை அடிக்க வேண்டும் என்று ஆட்டமே சொல்கிறது, அடித்தால் ஒன்றும் ஆகாது, நிரலில் பிழை. கவனத்தைக் கூட்டும் வித்தை ஒன்று கவனத்தைக் குறைக்கிறது. ஒரு தீவின் கரையோரம் மேலும் கீழும் நீந்தினால் பெயர் இல்லாத ஒரு குளறுபடி ஜந்து வந்து பையில் ஆறாவது பொருளை நூற்றுக்கும் மேலாகப் பெருக்கிவிட்டுப் போகும். ஒரே ஆட்டத்தை இரண்டாக வெட்டி விற்றது வியாபாரத் தந்திரம் என்பதும் உண்மை. ஒயர் நியாயம் எவ்வளவு பேசினாலும், வசதியான வீட்டுப் பையன் இரண்டையும் வாங்கிக்கொண்டான். அதற்குப் பின் வந்தவற்றில் ஜந்துக்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆயிரத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? 151 என்பது ஒரு கிளாஸ் அளவு. மூன்று செக்‌ஷன் சேர்த்தால் வருகிற எண்ணிக்கை. எல்லாரையும் முகம் தெரியும், பெயர் தெரியும், யார் சண்டைக்காரன் என்று தெரியும்.

அந்த 151-ஆவது ஆள் கதை வேறு தனி. ஆட்டம் முடிந்து, சோதனைக்காக வைத்திருந்த நிரலை நீக்கியபோது சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. மோரிமோட்டோ என்ற நிரலர் அதில் மியூ என்ற ஜந்துவைச் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டார். சாதாரணமாக யாரும் பிடிக்க முடியாது. இருக்கிறது என்று மட்டும் வதந்தி. கோரோகோரோ என்ற சிறுவர் பத்திரிகை இருபது பேருக்கு மியூ தருகிறோம் என்று அறிவித்தது, 78,000 பேர் எழுதிப் போட்டார்கள். ஊர் ஊராக வதந்தி பறந்தது. ஆட்டத்தில் ஒரு துறைமுக நகரம் வரும், அங்கே கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிற்கும், அந்த லாரிக்கு அடியில் மியூ இருக்கிறது என்று உலகத்தில் பாதிப் பிள்ளைகள் நம்பினார்கள். ராயபுரம் பக்கத்துப் பையனுக்கு அந்த இடம் வந்ததும் சிரிப்புதான் வரும். துறைமுக நகரத்தில் மொத்தமே ஒரு லாரியா? எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக நிற்கிற வரிசையைப் பார்த்திருந்தால் ஆட்டம் செய்தவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள்.

சிரிப்பு வராத ஜந்துக்களும் உண்டு. கிரைமர் என்று ஒன்று. ஊதா நிறச் சேற்றுக் குவியல், இரண்டு கண், ஒரு வாய். அழுக்கான இடங்களில் தோன்றும், தொழிற்சாலைகள் வெளியேற்றும் கழிவுச் சேற்றை உறிஞ்சி வாழும் என்று ஆட்டத்தின் ஜந்து அகராதி சொல்கிறது. காஃபிங் என்று இன்னொன்று, உள்ளே விஷ வாயு நிரம்பிய உருண்டை. குளம் தூர்ந்துபோன பையன் செய்த ஆட்டத்தில் வண்டும் புழுவும் மட்டும் இருக்கவில்லை, அவற்றின் இடத்துக்கு வந்த கழிவும் இருக்கிறது.

எண்ணூரில் அதைப் பிடிக்கத் தனியாகத் தேட வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் சேறாகப் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது, வலை, படகு, கொக்கு எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக்குப் பக்கத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த முகத்துவாரத்தில் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு எந்தச் சேற்றில் எது கிடக்கும், எந்த அலையில் எது ஏறும் என்ற அகராதி தானாக வந்திருக்க வேண்டும். கிடக்கிறதே சாம்பல் என்றால் எதைக் கற்றுக்கொள்வது?

அதனால்தான் "எப்பப் பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டு, வெளிய போய் விளையாடுறா" என்று வீட்டில் திட்டும்போது அந்தப் பையனுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. எங்கே போவது? ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் பைப்லைன், கடற்கரையில் பாறாங்கல். தஜிரிக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், தஜிரி குளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு இழந்தார்.

இதனால் ஆட்டம் ஆற்றுக்கு மாற்று என்று சொல்ல வரவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரைமரைப் பிடித்துப் பந்தில் அடைத்துவிடலாம், அதற்குச் செல்லப் பெயர்கூட வைக்கலாம். நிஜச் சேற்றுக்கு அது நடக்காது. ஆட்டத்தில் விஷம் தாக்கிய ஜந்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒரு பாட்டு வாசித்துவிட்டு இலவசமாகக் குணமாக்கித் தருவார்கள். நிஜத்தில் அந்தப் பாட்டு கேட்பதில்லை. போக்கிமான் நிலைத்து நிற்பதில் ஒரு பங்கு அதன் திறமை என்றால், இன்னொரு பங்கு வெளியே இருக்கிற நிலைமை. முதல் பங்கைப் பாராட்டும்போது இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது விளம்பரம்.

இதையெல்லாம் அந்தப் பையன்களிடம் போய்ச் சொன்னால் "போண்ணா, டிஸ்டர்ப் பண்ணாத" என்பார்கள். அவர்கள் வேலை அவர்களுக்கு. கொருக்குப்பேட்டை தாண்டும்போது ஒருவன் ப்ளூடூத்தை ஆன் செய்கிறான். எதிரில் இருப்பவன் ஹாண்டரைத் தேர்ந்தெடுக்கிறான். மாற்றம் நடக்கிறபோது அணைக்கக் கூடாது. ராயபுரம் வந்துவிட்டது. பின்னால் இறங்க வேண்டியவர்கள் முதுகில் இடிக்கிறார்கள். ஜந்து இன்னும் பாதி ஒயரில்தான் இருக்கிறது. வண்டி பீச் ஸ்டேஷனுக்குள் நுழைகிறபோது கெங்கார் அந்தப் பக்கம் இறங்குகிறது. "டேய், திருப்பிக் குடுடா." "நாளைக்குத் தர்றேன்டா, லேட்டாயிடுச்சு." அவன் படியில் குதித்து ஓடிவிடுகிறான். கெங்காரின் பக்கத்தில் கொடுத்தவன் பெயர் இருக்கிறது.